வேலூர் வெயிலுக்கு ரோஜா: முதலில் இடம், அப்புறம் செடி

கார்த்திகை, மார்கழி மாதங்களில் காட்பாடி ரோட்டிலும் சத்துவாச்சாரியிலும் டாடா ஏஸ் வண்டி நிறைய ரோஜாச் செடிகள் வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பூ. ஆசையாக வாங்கி வருகிறோம். அந்தப் பூ உதிர்கிறது; அடுத்து ஒன்றிரண்டு சின்னதாகப் பூக்கிறது; மாசி பிறந்ததும் இலை ஓரம் கருகுகிறது; கத்திரி வெயில் முடியும்போது தொட்டியில் குச்சிதான் மிச்சம். "என் கைராசி அப்படி" என்று சொல்லிக்கொண்டு அடுத்த கார்த்திகையில் மறுபடி வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

கைராசிக்கு இதில் வேலை இல்லை. வண்டியில் வரும் செடிகளில் பல ஓசூர்ப் பக்கம் நிழல்வலைக்குள் வளர்ந்தவை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவு உயரம். வேலூர் 220 மீட்டர் அளவுதான். போதாததற்கு நம்மைச் சுற்றி மொட்டைப் பாறை மலைகள். பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் வெளியே விடும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே பேச்சுக்குரிய விஷயமே இல்லை. இந்த வெயிலிலும் ரோஜா வரும். பழைய வீடுகளின் கிணற்றடியில் பன்னீர் ரோஜா ஆளுயரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு யாரும் தனியாக உரம் வைத்திருக்க மாட்டார்கள். இடமும் ரகமும் பொருந்திவிட்டன, அவ்வளவுதான். அதனால் நர்சரிக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

முதல் படி: உங்கள் வீட்டு வெயிலைப் படியுங்கள்

ரோஜாவுக்குத் தினமும் ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எந்த ஆறு மணி நேரம் என்பதுதான் நம் ஊரில் கேள்வி. காலை ஆறரை மணியிலிருந்து பகல் ஒரு மணிக்குள் கிடைக்கும் வெயில் செடியை வளர்க்கும். இரண்டு மணிக்கு மேல் மேற்கிலிருந்து சாய்ந்து அடிக்கும் வெயில், ஏற்கெனவே சூடேறிய மண்ணையும் சுவரையும் இன்னும் காய்ச்சும். அந்த நேரத்தில் வேர் இழுக்கும் தண்ணீரைவிட இலை இழக்கும் தண்ணீர் அதிகம். இலை ஓரம் கருகுவது அதனால்தான்.

திசை விஷயத்தில் வெளியூர் வீடியோக்களை நம்ப வேண்டாம். "தெற்குப் பார்த்த இடமே நல்லது" என்று லண்டனில் இருப்பவர் சொல்லலாம், டெல்லியில் இருப்பவரும் சொல்லலாம். அங்கெல்லாம் மதியச் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். வேலூர் இருப்பது ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் 25 வாக்கில் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மதிய வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும். பிறகுதான் தெற்கே சாயும். டிசம்பர் கடைசியில் பத்தடிச் சுவரின் மதிய நிழல் வடக்கே ஏழடிக்கு மேல் நீளும். ஜூன் கடைசியில் அதே சுவரின் நிழல் தெற்கே இரண்டடிகூட வராது.

இதை வீட்டைச் சுற்றி நடந்து பொருத்திப் பாருங்கள். வடக்குப் பக்கத்தில் குளிர்காலம் முழுக்க நிழல், கோடையில் வெயில். ரோஜாவுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். டிசம்பர், ஜனவரியில்தான் இங்கே ரோஜா நன்றாகப் பூக்கும். அந்த நேரத்தில் வெயில் கிடைக்காத இடத்தில் செடியை வைத்து என்ன செய்வது? தெற்குப் பக்கம் பரவாயில்லை. குளிர்காலத்தில் முழு வெயில் கிடைக்கும். கோடை மதியத்தில் சன்ஷேடின் நிழல் சுவரை ஒட்டிக் கொஞ்சம் விழும். ஆனால் சாயங்கால வெயிலுக்கு மேற்கே ஒரு மறைப்பு தேவை. கிழக்குப் பக்கம்தான் வருஷம் முழுக்க நம்பக்கூடியது. காலை வெயில் முழுதாக வரும், மதியத்துக்கு மேல் வீடே குடை பிடிக்கும். மேற்குப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்றால் ரோஜாவை நடும் முன்பே அதன் மேற்கே செம்பருத்தியோ மருதாணியோ வரிசையாக நட்டு, அது இடுப்பு உயரம் தாண்டட்டும். ஒரு வருஷம் பொறுத்தால் பிறகு பல வருஷம் நிம்மதி.

ஒரு விடுமுறை நாளில் எட்டு மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதத்தில் போட்டீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து அந்தக் கோடு பொய்யாகிவிடும்.

காம்பவுண்டுச் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நடுங்கள். சுவரை ஒட்டினால் காற்று ஓடாது, சூடு திரும்ப அடிக்கும், இலைச் சாற்றை உறிஞ்சும் சிவப்புச் சிலந்திக்குக் கொண்டாட்டம். ஏசியின் வெளி யூனிட் காற்று விடும் இடமும், இரும்புத் தகடு கேட்டின் பக்கமும் கூடாது. மர நிழலில், தென்னையின் கீற்று வழியே வடிந்து விழும் வெயில் நல்லது. முருங்கையின் நிழலும் மெல்லியதுதான், ஆனால் கம்பளிப்பூச்சி சீசனில் அதன் அடியில் நின்று பூப் பறிப்பது யாருக்கும் பிடிக்காது. வேப்ப மரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நீங்கள் ஊற்றும் தண்ணீரையெல்லாம் வேம்பே குடித்துவிடும்.

மொட்டை மாடிக்காரர்களுக்கு

மாடியில் இலையைவிட வேர்தான் முதலில் வேகும். தரையில் நட்ட செடியின் வேர் கீழே குளிர்ந்த மண்ணுக்கு இறங்கித் தப்பிக்கும். தொட்டிக்குள் இருக்கும் வேருக்கு ஓட இடம் இல்லை. அதனால் தொட்டி 14 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைவிட மண் தொட்டி நல்லது. அதன் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாவதால் உள்ளே சூடு தணியும். ஏற்கெனவே பிளாஸ்டிக் இருக்கிறது என்றால் வெளிப்பக்கம் பழைய சாக்கைச் சுற்றி நனைத்து விடுங்கள். தொட்டியைத் தளத்தின் மேல் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தனித்தனியாகப் பரப்பி வைக்காமல் நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின் தொட்டிமேல் விழும். படிக்கட்டு அறையின் கிழக்குச் சுவர் ஓரம் மாடியிலேயே நல்ல இடம். தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் கிழக்குப் பக்கமும் சரி.

இரண்டாம் படி: தண்ணீரைப் பாருங்கள்

வேலூரில் ரோஜாவைக் கொல்வதில் வெயிலுக்கு அடுத்த இடம் போர் தண்ணீருக்கு. ரோஜா உப்பைத் தாங்காத செடி. வாளியின் உட்பக்கம் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்காத தண்ணீர், தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசியது மாதிரி தடம்: இதில் எது இருந்தாலும் உங்கள் தண்ணீர் கடினம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது ஊருக்கே தெரியும். அந்தப் பகுதிகளில் கிணற்று நீரை ரோஜாவுக்கு ஊற்றும் முன், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நல்லெண்ணம்தான். ஆனால் அந்த நீரில் உப்பு ஏற்கெனவே இருந்ததைவிடக் கூடுதலாகத் திரண்டிருக்கும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை; அதைத் தாராளமாக ரோஜாவுக்குப் பிடிக்கலாம். மழைநீர் அதைவிட நல்லது. குழாயில் காவிரித் தண்ணீர் வரும் தெருவானால் வாரத்தில் ஒரு முறையாவது அதையே ஊற்றுங்கள்.

வேறு வழியே இல்லை, போர் தண்ணீர்தான் என்றால் தினமும் ஒரு செம்பு ஊற்றுவதை நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் வேரைச் சுற்றித் தங்கும். ஊற்றும்போது தொட்டியின் அடித் துளை வழியே வடியும்வரை ஊற்றி, மேல் ஓரங்குலம் காய்ந்த பிறகு அடுத்தது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண்ணில் சுண்ணாம்பு ஏறி இரும்புச் சத்து எட்டாமல் போய்விட்டது என்று பொருள். இன்னும் உரம் போட்டால் தீராது.

மூன்றாம் படி: ரகம்

இன்றைய கலப்பின ரோஜாக்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தோட்டங்களுக்காக உருவானவை. வருஷம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் மட்டும் சீன ரோஜாக்களிலிருந்து வந்தது. வெப்ப நாட்டு ரோஜாவுக்கு வெப்ப நாட்டுத் தாய்ச்செடி வேண்டும் என்று பிடிவாதமாக இருந்து, வங்காளம், பீகார்ப் பக்கத்துக் காட்டு ரோஜாவான ரோசா கிளைனோஃபில்லாவையும் மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைகான்டியாவையும் வைத்துப் புது ரகங்களை உருவாக்கியவர் கொடைக்கானலைச் சேர்ந்த எம்.எஸ். வீரராகவன், முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அந்தச் செடிகள் நம் தெரு வண்டியில் கிடைப்பது அரிது. கிடைப்பதிலிருந்து தேர்ந்தெடுப்போம்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் வைக்க வேண்டியது பன்னீர் ரோஜா. வேளாண் பல்கலைக்கழகத்தார் எட்வர்ட் ரோஜா என்பார்கள். இளஞ்சிவப்பு, முள் அதிகம், வாசனை அபாரம், பூ சீக்கிரம் உதிரும். ஜாடியில் வைத்து அழகு பார்க்க ஆகாது. சாமிக்கும் தலைக்கும் இதைவிட வேறு வேண்டாம். இதை வாங்கக்கூடத் தேவையில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் பென்சில் தடிமனில் ரெண்டு குச்சி வெட்டித் தருவார். ஐப்பசி, கார்த்திகையில் ஊன்றினால் வேர் பிடிக்கும். காட்டு ரோஜா வேரின்மேல் ஒட்டுக் கட்டாத சொந்த வேர் என்பதால், வெயிலில் மேல்பாகம் காய்ந்தாலும் அடியிலிருந்து அதே செடி துளிர்க்கும். இந்தக் காரணத்துக்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

அடுத்தது ஆந்திரா சிவப்பு. மாலை கட்டுகிறவர்கள் வாங்கும் அடர்சிவப்பு உதிரி ரோஜா, உழைக்கும் செடி. பட்டன் ரோஜா தொட்டிக்குச் சரியானது. பூ சின்னது என்பதால் வெயிலில் இன்னும் சின்னதானாலும் மனசு நோகாது. கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டா வகையில் வெள்ளை ஐஸ்பெர்க் கிடைத்தால் விடாதீர்கள். 1958இல் ஜெர்மனியில் வந்த ரகம் என்றாலும் சூட்டை நன்றாகத் தாங்குகிறது, முள்ளும் குறைவு. பெரிய பூதான் வேண்டும் என்பவர்களுக்கு இளஞ்சிவப்பு குயின் எலிசபெத், கிளாடியேட்டர்.

நிறத்தை வைத்தும் ஓரளவு கணிக்கலாம். கறுப்பு எனத் தோன்றும் அடர்சிவப்பின் இதழ் ஓரம் வெயிலில் தீய்ந்துபோகும். ஊதா, நீலம் என்று விற்கப்படும் ரகங்கள் பொதுவாகச் செடியே நோஞ்சான். 'நீல ரோஜா' என்று படம் காட்டி விற்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். வானநீல ரோஜா எந்த நர்சரியிலும் கிடையாது. இதழ் மிகக் குறைவான பூ கோடையில் காலையில் விரிந்து மாலையில் உதிரும். இதழ் நெருக்கமாக அடைந்த பூ ஐப்பசி மழையில் விரியாமலே அழுகும். இரண்டுக்கும் நடுவில் பாருங்கள். (ஏலகிரியில் வீடு இருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். 1000 மீட்டருக்கு மேலே உங்களுக்கு வேறு சட்டம்.)

நான்காம் படி: வாங்கும்போது

பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். ஒட்டுச் செடியில் தண்டின் அடியில் ஒரு முண்டு தெரியும். ஒட்டுக்கு மேலே பென்சில் தடிமனில் இரண்டு மூன்று கிளையாவது வெவ்வேறு பக்கம் போக வேண்டும். ஒரே கம்பாக உயர்ந்து உச்சியில் பூவோடு நிற்பதை வேண்டாம் என்று சொல்லுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய நூலாம்படையும் தூசுப் புள்ளியும் இருந்தால் அது சிலந்தி. ஒரு செடியில் வந்தால் வீட்டிலிருக்கும் எல்லாவற்றுக்கும் பரவும்.

"இன்னா ரகம்ணா இது?" என்று கேட்டால் "ஹைப்ரிட்டுக்கா, வருஷம் பூரா பூக்கும்" என்றே பதில் வரும். வேறு கேள்வி கேளுங்கள்: "வெயில்ல வெச்சிருந்தீங்களா, வலைக்கு அடியில வெச்சிருந்தீங்களா?" வலைக்கு அடியில் என்றால் வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் வெளிச்சமான நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும், பிறகு நிரந்தர இடம். பூவையும் மொட்டையும் அன்றைக்கே கிள்ளிவிடுங்கள். மனசு வராது. கிள்ளுங்கள்.

வாங்கும் காலம் ஆவணியிலிருந்து தை வரை. மாசியிலிருந்து ஆனி வரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் நட வேண்டாம்.

ஐந்தாம் படி: நடுவது

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி. ஒரு வாரம் ஆறப் போடுங்கள். எடுத்த மண்ணோடு நன்றாக மக்கிய தொழு உரம் பத்துக் கிலோ, இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. உங்கள் மண் களியாக இருந்தால் ஆற்று மணலும் சேருங்கள். தண்ணீர் ஊற்றினால் கால் மணி நேரத்தில் உள்ளே இறங்க வேண்டும். நின்றால் குழிக்குப் பதிலாக அரையடி மேடு கட்டி அதில் நடுவது நல்லது, ஐப்பசியில் புயல் மழை பெய்யும்போது அருமை தெரியும். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள்.

கவரைப் பிரித்தால் சில செடிகள் கெட்டியான களிமண் உருண்டையோடு வரும். அதை அப்படியே நட்டால் சுற்றி ஊற்றும் நீர் உருண்டைக்குள் போகாது. பத்து நிமிஷம் தண்ணீரில் வைத்து, மேல் மண்ணை விரலால் லேசாகச் சுரண்டிவிட்டு நடுங்கள். வேர் அறும் அளவுக்கு உடைக்க வேண்டாம். ஒட்டு முண்டு மண்ணுக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் இருக்கட்டும். பனி நாடுகளில் அதை மண்ணுக்குள் புதைப்பார்கள், குளிரிலிருந்து காக்க. நமக்கு எதற்கு? முண்டுக்குக் கீழிருந்து கிளம்பும் கிளை காட்டு ரோஜாவுடையது. விட்டால் மேல்செடியைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். பார்த்தவுடன் அடியோடு பிய்த்துவிடுங்கள். வெட்டினால் மறுபடி முளைக்கும்.

மேலே மூடாக்கு. வட ஆற்காட்டில் மல்லாட்டை (வேர்க்கடலை) தோலுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடுங்கள். காய்ந்த இலை, கரும்புச் சோகை, தேங்காய் நார்க் கழிவு எதுவும் ஆகும்.

ஆறாம் படி: கோடையைக் கடத்துவது

பங்குனி முதல் வைகாசி வரை செடியைப் பூக்க வைக்க முயலாதீர்கள். உயிரோடு வைத்திருந்தால் போதும். உரம் வேண்டாம், கவாத்து வேண்டாம். வெட்டினால் இலை மறைத்திருந்த தண்டு வெயிலுக்குத் திறந்து, பட்டை வெந்து கறுக்கும். மொட்டு வந்தால் கிள்ளிவிடலாம். வந்த பூ சின்னதாக, வெளிறிப்போய் இருக்கும். ரகம் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று நர்சரிக்காரரைத் திட்ட வேண்டாம், புரட்டாசிக்கு மேல் பழைய அளவுக்கு வரும்.

தண்ணீர் விடியற்காலையில். தரைச் செடிக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை ஆழமாக. மாடித் தொட்டிக்குத் தினமும், அக்னி நட்சத்திரத்தில் சாயங்காலமும் ஒரு முறை. மாடியில் 50 சதவீத நிழல்வலை கட்டலாம், ஆனால் செடிக்கு மேலே அல்லாமல் மேற்குப் பக்கம் திரை மாதிரி தொங்க விட்டால் காலை வெயில் வீணாகாது. முதல் நல்ல மழை பெய்ததும் கழற்றிவிடுங்கள். கார்த்திகை வரை வலையை மறந்துபோய் "பூவே வரலை" என்பவர்கள் உண்டு.

இந்த மாதங்களில் முக்கிய எதிரி சிவப்புச் சிலந்தி. இலை மங்கி, நுண்ணிய வெளிர்ப் புள்ளி விழும். மருந்துக்கு ஓடும் முன் ஹோஸ் பைப்பில் இலையின் அடிப்பக்கத்தை வேகமாகக் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒரு முறை. தீராவிட்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய சில சொட்டு சோப்புத் திரவம், வெயில் இறங்கிய பிறகு மட்டும். கந்தகத் தூளைக் கோடையில் தொடாதீர்கள், இலை பொசுங்கும். மார்கழிப் பனியில் இலைமேல் வெள்ளைப் பூச்சாகச் சாம்பல் நோய் வரும்போது, லிட்டருக்கு இரண்டு கிராம் நனையும் கந்தகம் அதற்கு உதவும்.

ஏழாம் படி: கவாத்து

நம் ஊரில் ரோஜாவைத் தூங்க வைக்கும் குளிர் கிடையாது. கத்தரிக்கோல்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அக்டோபரில் காய்ந்த கிளை, உள்நோக்கிப் போகும் கிளை, குச்சி மாதிரி மெலிந்தவை எல்லாவற்றையும் நீக்கி, மிச்சத்தைப் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக. வெட்டிய முனையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவினால் நுனிக்கருகல் இறங்காது. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி, கவாத்து முடிந்ததும் செடிக்குப் பத்துக் கிலோ தொழு உரத்தோடு தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்து 12, சாம்பல் சத்து 12; அதே அளவு ஜூலையில் இன்னொரு முறை. வெட்டி ஏறக்குறைய ஆறேழு வாரத்தில் பூ வரும். பொங்கலுக்குப் பூ வேண்டுமானால் நவம்பர் கடைசி வாரத்தில் வெட்டுகிற மாதிரி இரண்டு செடியை ஒதுக்கி வையுங்கள்.

கரும்புள்ளி விழுந்த இலையா, உப்பில் கருகிய இலையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்றால் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. போகும்போது இலைகளோடு ஒரு முழுக் கிளையை வெட்டிக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் வேர்த்து அழுகிவிடும். ஒரு கைப்பிடி மண்ணும், நீங்கள் ஊற்றும் தண்ணீர் ஒரு பாட்டிலும் கூடவே கொண்டுபோனால் இன்னும் நல்லது.